செண்பகத்தின் அரக்குச் சேலை

மந்தைவெளி,
4 ஜூன் 2024

அன்பு மர்சலின் அக்காவுக்கு,

உனக்கென்ன, போன்கூடக் கூடாத கன்னியர் மடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாய். நான் ஒருவழியாக ராஜினாமா கொடுத்துவிட்டேன். ஜூன் முழுக்க நோட்டீஸ். ஜூலையில் அடையாறு பள்ளி அலுவலகத்தில் சேரவேண்டும். தி. நகர் போதும் அக்கா.

எங்கள் ஜவுளிக்கடை வழக்கத்தைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? விலகுகிறவள் ராஜினாமா கொடுத்த அன்றைக்கே ஒரு சேலை எடுத்து, முந்தானையில் தன் பெயர்ச் சீட்டைக் குத்தி ராக்கில் வைத்துவிட வேண்டும். கடைசி நாளில் பெண்கள் அதைக் கட்டிவிட்டு, மாடி மாடியாக அழைத்துப் போவார்கள். சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி எல்லோரும் வழியனுப்புவார்கள்.

நான் பச்சை எடுத்தேன். வைக்கப் போனால் செண்பகத்தின் அரக்குச் சேலை அங்கேயே இருக்கிறது. என் கவுண்டர்த் தோழி, போன வருஷம் நோட்டீஸ் முடிகிற வாரத்தில் டெங்குவில் போனாளே, அவளுடையது. அதை விற்க யாருக்கும் மனம் வரவில்லை, தொடவும் பயம்.

எனக்கும் பயம்தான். நான் மட்டும் முழுசாக வெளியே வந்துவிடுவேனா?

உன் ஈவ்லின்

மடம்,
9 ஜூன்

என் ஈவிக்கு,

பைத்தியம்! நோட்டீஸ் கொடுத்தவர்கள் எல்லோருமா சாகிறார்கள்? நேரத்துக்குச் சாப்பிடு. செண்பகத்துக்காக ஜெபிக்கிறேன். பாவம், வழியனுப்ப ஆளில்லாமல் போய்விட்டாள்.

மர்சலின்

மந்தைவெளி,
18 ஜூன்

அக்கா,

சிரிக்காதே. தினமும் கடை மூடும்போது அரக்குச் சேலையை ராக்கின் அடியில் வைக்கிறேன். காலையில் அது என் கவுண்டர் மேல் இருக்கிறது. முந்தானையை உள்பக்கமாக மடித்து. அப்படி மடித்தவள் கடையில் செண்பகம் ஒருத்திதான்.

செக்யூரிட்டி சைஃபைக் கேட்டேன். "சாவி என்கிட்டத்தான் கீது மேடம். உள்ள யாரும் வரல, சத்தியமா" என்கிறான். சூப்பர்வைசர் கஸ்தூரிரங்கன் சாரோ, "கண்டும் காணாம இரும்மா, இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது.

ஈவ்லின்

மந்தைவெளி,
1 ஜூலை

அக்கா,

நேற்று கடைசி நாள். என் பச்சையைப் பிரிக்க வந்தவர்களிடம் அரக்கை நீட்டினேன். "இதைக் கட்டிவிடுங்கடி. மொதல்ல அவள அனுப்பிடலாம்" என்றேன். அழுதுகொண்டே கட்டினார்கள். சீட்டை யாரும் கழற்றவில்லை.

மாடிக்கு மாடி, "போய்ட்டு வா செண்பகம்" என்றார்கள். ஃபால்ஸ் தைக்கும் ஹாஜிரா பீ என் கன்னத்தைத் தடவி, "நல்லபடியா போய்ட்டு வாம்மா செண்பகம்" என்று விம்மினார். வாசல் தாண்டியதும் தோளிலிருந்து யாரோ கையை எடுத்த மாதிரி இருந்தது. போய்விட்டாள் அக்கா.

ஆனால் என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அழுகையில் எல்லோருக்கும் மறந்தே போயிற்று, எனக்கும்தான்.

இன்று காலை அடையாறு பஸ்ஸுக்குத்தான் கிளம்பினேன். இறங்கிப் பார்த்தால் தி. நகர். கண்ணாடிக்கு வெளியே நின்றேன். என் பச்சைச் சேலை கவுண்டர் மேல் இருந்தது. சைஃப் என்னை நேராகப் பார்த்தான். சிரிக்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை. யாருமே நிற்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

நாளைக்கும் அங்கேதான் போவேனோ?

ஈவ்லின்

மடம்,
6 ஜூலை

என் கண்ணே ஈவி,

இதை வாசலில் நின்று வாய்விட்டுப் படி: ஈவ்லின், நல்லபடியா போய்ட்டு வாடி. படித்துவிட்டாயா? இனி நேராக அடையாறுக்குப் போ. லேட் ஆனதற்கு மன்னிப்புக் கேள், அவ்வளவுதான்.

எனக்கு நிம்மதி என்று எழுதியிருந்தாய். நான் மடத்துக்குக் கிளம்பிய அன்று நீ கோபத்தில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை. இத்தனை வருஷமாக மணி அடித்தால் ஜெபத்துக்குப் போகிறேன், முழங்கால் போடுகிறேன். கண்ணை மூடினால் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன்.

இங்கே எனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நீ என் பழைய பெயரையே சொல்லி, ஒரு வரி எழுதி அனுப்பேன்.

மர்சலின்