தட்டில் ஏறிய சூடு

25 ஜனவரி 2025, சனி
லேபில் தட்டில் வளர்த்த கோழிக்கரு இதயச் செல்கள் மீது மைக்ரோவேவ் பாய்ச்சினேன். மின்துடிப்பு எகிறியது. திரும்பத் திரும்பச் செய்தும் அப்படியே. ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். செல்போன் டவரிலிருந்து வருவதும் இதே மாதிரிதானே என்று கேட்டார். ஏறக்குறைய, என்றேன். ஊரில் டவர் வைக்க இடம் பார்த்திருக்கிறார்களாம். நாளைக்குக் கிராமசபையில் இதைப் பேசு என்கிறார்.

26 ஜனவரி
பேசினேன். ஒரே கைதட்டல். பக்கத்து வீட்டு நஞ்சப்பன் மாமா மட்டும், அவசரத்துக்கு ஒரு போன் பேசக் கரட்டுக் குன்றின் மேல் ஏற வேண்டியிருக்கிறதே என்றார். "போன் முக்கியமா, நெஞ்சு முக்கியமா மாமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டவர் வேண்டாமென்று தீர்மானம்.

14 பிப்ரவரி, வெள்ளி
என் ஆய்வு வழிகாட்டி சந்திரமோகன் சார் முடிவுகளைப் பார்த்தார். கருவி ஓடும்போது தட்டுக்குள் சூடு எவ்வளவு என்றார். நான் அளந்தது வெளியே, இன்குபேட்டரின் சூட்டை. உள்ளே அளந்தால் — ஏறியிருக்கிறது. மைக்ரோவேவை அணைத்துவிட்டு வெறும் ஹீட்டரால் அதே சூடு கொடுத்தேன். அதே துடிப்பு.

டவரைப் பற்றி என் தட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதெல்லாம் என் வாய். வெட்கமாக இருக்கிறது.

15 பிப்ரவரி
பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் அப்பா பார்த்தவரிடமெல்லாம், "டவர நிறுத்துனது எம் பொண்ணுதானுங்க." பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். தூ.

3 மார்ச்
நஞ்சப்பன் மாமாவுக்கு நெஞ்சுவலி. அமுதவல்லி அத்தை அவரைத் தனியாக விட்டுவிட்டு, கரட்டின்மேல் ஏறிப்போய்த்தான் 108-ஐக் கூப்பிட்டாராம்.

6 மார்ச்
ஆஸ்பத்திரியில் மாமாவைப் பார்த்தேன். பிழைத்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டவரே வரல, எனக்கு ஏம் பாப்பா நெஞ்சு இப்டி அடிச்சுக்கிச்சு? நீ படிச்சவ, சொல்லு."

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அழுதா ஆச்சா?

1 மே
கிராமசபையில் எழுந்து சொல்லிவிட்டேன். நான் அளந்ததில் தப்பு, அது வெறும் சூடு, அதை வைத்து டவரைப் பற்றிப் பேசியிருக்கவே கூடாது என்று. யாரும் கைதட்டவில்லை. கம்பெனிக்காரன் இவளை வளைச்சுட்டான் என்று பின்னாலிருந்து ஒரு குரல். தீர்மானம் மாறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எவ்ளோ குடுத்தாங்க பாப்பா?"

8 ஜூன், ஞாயிறு
டவர் கரட்டுக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அப்பா இன்னமும் ஜனவரியில் நான் பேசியதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமாவும் அத்தையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, காரிமங்கலத்தில் மகள் வீட்டோடு குடிபோய்விட்டார்கள். அங்கே வீட்டுக்குள்ளேயே போனில் சிக்னல் எடுக்கிறதாம்.