மாடியில் பாதி

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வாசலில் கணுக்கால் தண்ணீர். ஃபால் தைக்க வந்த சேலைகளை எல்லாம் அலமாரி உச்சியில் ஏற்றியாச்சு. பால்காரன் வரவில்லை. பவுடர் டீ. வாயில் வைக்க முடியவில்லை.

மத்தியானம், இடித்துக் கட்டுகிற திட்டத்தின் சர்வேக்காரர்கள். மூன்று பேர், ஒரே குடை. என் கதவில் பெயிண்டால் ஒரு நம்பர். ஏணிப் பக்கம் மாடிக்கு வேறு நம்பர். கீழ் நம்பருக்கு இங்கேயே, தாராவியிலேயே, புது பில்டிங்கில் வீடு. மாடி நம்பருக்கு இங்கே கிடையாதாம். ஊருக்கு வெளியே எங்கேயோ, வாடகை வீடு மாதிரி ஒன்று. எங்கே என்று கேட்டேன். "பாத் மே பதா சலேகா, மௌசி" என்றான் அதில் சின்னவன். பிறகு தெரியுமாம். இந்த மாதக் கடைசியில் ஒருதரம் சரிபார்க்க வருவார்களாம். பெயரில் மாற்றம் இருந்தால் அதற்குள் பேப்பர் காட்ட வேண்டுமாம்.

மா.கா. ஏணியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மா.கா. என்றால் மாடிக்காரர். மாடிக்காரர் என்றால் என் மகள் செல்வியின் அப்பா. விவாகரத்தான வருஷம், இந்த டைரியில் அந்த மனுஷன் பேரை எழுதவே கூடாது என்று ஒரு வீம்பில் ஆரம்பித்தது. வேறு யாரும் படித்தால் புரியக்கூடாது என்றும் ஒரு நினைப்பு. செல்விக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். இதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் மா.கா.தான். என் புத்தியை என்ன சொல்ல.

முதலில் சந்தோஷம். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. கோர்ட்டில் இந்த வீட்டைப் பிரித்தபோது மாடிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் இவர். ஜன்னல் இருக்காம், காற்று வருமாம், வெளிச்சம் வருமாம். எனக்குக் கீழ் வீடு, சாக்கடைத் தண்ணீரோடு. அன்றைக்கு என்ன அழுகை அழுதேன். இப்போது பார். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம்.

சாயங்காலம் அவர் செருப்பு ஏணிக்கடியில் தண்ணீரில் மிதந்தது. எடுத்துக் கைக்கு எட்டிய படியில் வைத்தேன். சந்தோஷம் அதோடு போய்விட்டது.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டது. வாங்க: வெள்ளை நூல், கரும்பச்சை நூல், மிஷின் எண்ணெய், இஞ்சி.

காலையில் மா.கா. வழக்கம்போல் இறங்கி மூன்றாவது படியில் உட்கார்ந்தார். அதுதான் அவர் எல்லை. ஒருவர் பங்குக்குள் மற்றவர் கால் வைக்கக்கூடாது என்று கோர்ட் பேப்பரில் இருக்கிறது. நான் கதவுக்கு வலது பக்கம், மிஷினில். டீயை இரண்டாவது படியில் வைப்பேன். அவர் பேப்பர் படித்துச் சொல்வார், நான் தைத்துக்கொண்டே சண்டை பிடிப்பேன். இத்தனை வருஷமாக இப்படித்தான்.

சேர்ந்து வாழ்ந்த காலத்தில் இந்த வாய் எங்கே போயிருந்தது? கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஆடியில் மூடிய வாய் தையில்தான் திறந்தது ஒரு தடவை. அடித்தார், குடித்தார் என்றால் நாலு பேருக்குப் புரியும். பேசவில்லை என்று சொன்னால் ஊரே சிரித்தது. சுவரோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்த? அதற்குத்தான் பிரிந்தது. பிரிந்து ஏணி வைத்ததும் மனுஷனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ஏட்டி, வெங்காயம் வெல மறுபடியும் ஏறிட்டாம்."

"வெங்காயத்தக் குப்பைல போடுங்க. மாடிக்கு என்ன பண்ணப் போறீய?"

"பண்ண என்ன இருக்கு? போவச் சொன்னா போவ வேண்டியதுதான். கோர்ட்டுல நானே கேட்டு வாங்குனதுல்லா." சிரித்தார். "முட்டுவலிக்கு ஏணி ஏற வேண்டாம். அங்க லிஃப்ட் இருக்கும்."

டெம்போ ஓட்டி ஓட்டி முட்டு போய்விட்டது. காய்ச்சல் வந்தால் யாரையும் கூப்பிடமாட்டார். ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் இந்த ஆள் தனியாக.

மூன்றாவது படி காலியாக இருக்கிற காலையை நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. வீட்டுக்குள் வேண்டாம். ஆனால் கூப்பிடு தூரத்தில் வேண்டும். இதை யாரிடம் சொன்னால் விளங்கும்?

ஜூன் 12, வியாழன்

மாட்டுங்காவுக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு விவாகரத்து வாங்கித் தந்த அதே வக்கீல் அம்மா. தலை முழுக்க வெள்ளை. எனக்கும்தான். நான் சாயம் போடுகிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். கீழ் வீட்டில் பாதியை அவருக்கு எழுதிவிட்டால், புது வீடு இரண்டு பேருக்கும் வருமா?

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "முடிஞ்ச செட்டில்மென்ட்டத் திறக்கணும்னு எத்தனையோ பேர் வந்திருக்கா. எல்லாரும் இன்னும் கொஞ்சம் வேணும்னுதான் வருவா. நீ என்னடான்னா குடுக்கறதுக்கு வந்து நிக்கறே!"

ஒருத்தர் மட்டும் ஆசைப்பட்டால் திறக்க முடியாதாம். இருவரும் மனசார ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாமாம். சர்வேக்காரர்கள் ஏற்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வழி இருக்கிறது.

"இதவிட சுலபமா ஒரு வழி சொல்லட்டுமா? அவரையே திரும்பவும் கல்யாணம் பண்ணிண்டுடு."

"ஐயோ மேடம், ஒரு தடவ பட்டதே போதும்!"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "உன்னோடது பாதியாப் போயிடும். நாளைக்கு அந்த வீட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும். அத யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் யோசித்தேன். ஒரு ஹால், ஒரு ரூம். ஏணி கிடையாது. மறுபடி வாயை மூடிக்கொண்டால் நான் எங்கே போவேன்? பயமாக இருந்தது. ஸ்டாப்பை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கி நடந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். செம்பூரிலிருந்து செல்வி. வஞ்சிரம் வாங்கி வந்தாள். குழம்பு நன்றாக வந்தது.

பாதி எழுதிக்கொடுக்கிற விஷயத்தைச் சொன்னதும், பைத்தியமா என்று குதித்தாள். "மம்மி, பாகல் ஹோ கயி ஹை க்யா? அது ஒன் வீடு. நீ அழுதது மறந்துட்டியா? பப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

"வருவாராட்டி ஒங்கப்பா?"

வரமாட்டார் என்று அவளுக்கும் தெரியும். மருமகன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற மனுஷன்.

சோற்றுத் தட்டை இரண்டாவது படியில் வைத்துவிட்டு அவரிடமே சொன்னேன். கீழ் வீட்டில் பாதி உங்கள் பேருக்கு, வக்கீலைப் பார்த்தாச்சு, கையெழுத்துதான் பாக்கி.

"பிச்சையா?" என்றார். ஒரே வார்த்தை. எழுந்து மேலே போய்விட்டார். தட்டைத் தொடவில்லை. பூனை தின்றது.

செல்வி என்னைப் பார்த்தாள். "தேக்கா?" என்றாள், பார்த்தாயா என்கிற மாதிரி. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 18, புதன்

மூன்று நாளாக இறங்கி வரவில்லை. நான் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து வெளியே போகிறார், நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்து ஏறுகிறார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான். பட்டும் புத்தி வரவில்லை எனக்கு.

மாவு புளித்துவிட்டது. ஊசி இரண்டு முறை உடைந்தது. பச்சைச் சேலைக்கு நீல நூல் போட்டுப் பிரித்தேன்.

விட்டுவிடலாம். போகட்டும். லிஃப்டில் ஏறி ஏறி இறங்கட்டும்.

மேலே சத்தமே இல்லை. அவர் வீட்டில் இருக்கும்போதும் இருக்காது. தனித்தனியான முதல் வருஷம் என் தலைக்கு மேல் திம் திம் என்று நடந்தார். பலகை இடுக்கு வழியாகத் தூசி கொட்டி ஒரு பட்டுச்சேலை பாழ். அன்றைக்கு நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அதற்கப்புறம் சத்தம் கேட்டதில்லை. பூனை மாதிரி நடக்கப் பழகிவிட்டார் போல.

ஜூன் 19, வியாழன்

ஏறிவிட்டேன்.

வக்கீல் அம்மா போன். பேப்பர் தயாராம். சர்வேக்காரர்கள் திரும்ப வருவதற்குள் போட்டால் நல்லது, அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் ஆகாது. போனை வைத்த கையோடு சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. வழுக்கல் வேறு.

மேல் படியில் நின்று, "உள்ள வரலாமா?" என்றேன். கதவு திறந்துதான் கிடந்தது.

கட்டில், ஸ்டவ், டிரம், துணிக்கொடி, எல்லாம் இடது பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக. திரும்ப இடமில்லை. வலது பாதி காலி. தரையில் தார்ப்பாய், அதன் மேல் டெம்போவிலிருந்து எடுத்த ரப்பர் விரிப்பு, அதன் மேல் சாக்கு. இரண்டு பாதிக்கும் நடுவே குறுக்காக ஒரு கயிறு. ஜன்னல் அந்தக் காலிப் பக்கம்தான் இருக்கிறது. சண்டை போட்டு வாங்கிய ஜன்னல்.

"என்ன இது? ஒழுகுதா?"

கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாதிக்குக் கீழேதான் என் மிஷின்.

"அந்தப் பட்டுச்சேல பாழான அன்னையில இருந்தா?"

தலையை ஆட்டினார்.

இந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அங்கே நின்றுகொண்டு தெரிந்தது. கோபமும் வந்தது. இதைச் சொல்லியிருந்தால் என்ன? வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?

மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன். "நான் பிச்ச போடலங்க. மாத்திக்கிடுவோம். கீழ பாதி ஒங்களுக்கு, மாடில பாதி எனக்கு."

அப்போதுதான் வாயைத் திறந்தார். "மாடில பாதி எப்பவோ ஒனக்குத்தானட்டி."

"அப்ப அதப் பேப்பர்ல எழுதுவோம். ரெண்டும் ரெண்டு பேருக்கும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. புது வீட்டுல ஏணி கெடையாது. கோவம் வந்தா ஏசுங்க, கத்துங்க. வாய மூடுனீயன்னா மறுநாளே கோர்ட்டுக்குப் போயிருவேன்."

அவர் கயிற்றைப் பார்த்தார்.

"சம்மதம்னா சொல்லுங்க. சொல்ல வாய் வரலன்னா அந்தக் கயித்த அவுத்துட்டு ஜன்னல் பக்கமா நாலு எட்டு நடங்க. எனக்குக் கேக்கும்."

இறங்கி வந்து தண்ணீர் குடித்தேன். டீ போடவில்லை, யாருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

சத்தம் இல்லை.

செல்வி போன். "பப்பா க்யா போலே?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "நான் வந்து கேக்கட்டுமா மம்மி?" என்றாள். வேண்டாம் என்றேன். அவராகச் சொல்லவேண்டும்.

மிஷினை அடிக்கடி நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்ததில் இன்று ஒரு சேலைகூட முடியவில்லை.

ஜூன் 21, சனி

வெயில்! துணியெல்லாம் வெளியே. மிளகாயில் கொஞ்சம் பூஞ்சணம் பூத்திருக்கிறது, காயவைத்தேன்.

அரக்குப் பட்டு, கல்யாணச் சேலை, சாயங்காலம் கொடுக்கவேண்டும். ஃபால் பாதி தைத்திருந்தேன். மேலே எதையோ இழுக்கிற சத்தம். அப்புறம், திம். நின்றது. திம், திம். பலகை இடுக்கிலிருந்து பன்னிரண்டு வருஷத் தூசி, நேராகப் பட்டின் மேல்.

"ஏ மனுசா! சேலக்காரி வந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நீதானட்டி நடக்கச் சொன்ன!" மேலேயிருந்து கத்தினார். கோபமாகத்தான். வாயைத் திறந்து.

வக்கீல் அம்மாவுக்கு போன் போட்டேன். திங்கள் காலை இரண்டு பேரும் வருகிறோம் என்றேன். "அழறியா சிரிக்கறியா?" என்று கேட்டார். தூசி என்றேன்.

பட்டை உதறித் துடைத்து மறுபடி உட்கார்ந்தாச்சு. நாலு எட்டுதான் கேட்டேன். இன்னும் நடந்துகொண்டே இருக்கிறார், சனியன்.