முகர்ந்து பார்க்கத் தெரியாத தேடி

நாள் 1. காலை 8.10. வழக்கமான பதிவு

பாறை-17 நிலையம். காற்று சரி. மின்சாரம் சரி. சுரங்க இயந்திரம் ஓடுகிறது. தண்ணீர்ப் பேனலில் பச்சை விளக்கு: "தூய்மை 100".

நிலையத் தலைவர் கதிரேசன் சார் தினப் பதிவை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். என் ஒன்பதாம் வகுப்புச் செயல்திட்டத்துக்கு உதவும் என்றார். என் பெயர் பியூலா. இந்தச் சிறுகோளில் என்னோடு சேர்த்து ஏழு பேர். குழாய்களும் தண்ணீர் இயந்திரமும் என் அப்பா ஜெபமணியின் பொறுப்பு. இந்தப் பாறையில் பனியும் இல்லை, ஊற்றும் இல்லை. நாங்கள் குளித்ததும் கழித்ததும்தான் சுத்தமாகிக் குடிநீர்த் தொட்டிக்குத் திரும்ப வருகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு அழகான வட்டப் படம் இருக்கிறது. படத்துக்கு நாற்றம் கிடையாது.

நான் எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைப்பதில்லை. இன்று தண்ணீரில் ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தது போன்ற வாடை. கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, பூமியிலிருந்து வந்த எலுமிச்சைச் சாறு பொட்டலம் ஒன்றைப் பிரித்தேன். சமையல்காரர் பிச்சமுத்து அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, எல்லா அறைகளுக்கும் கேட்கும்படி இன்டர்காமில் அறிவித்தார்:

"கவனிக்கவும், கவனிக்கவும். மூக்கு மேடம் இன்னைக்கும் தண்ணியத் திருப்பி அனுப்பிட்டாங்க. மேடத்துக்குத் தாமிரபரணியிலேருந்து ஒரு குடம் வரவழைங்கப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காலிக் கோப்பையை எனக்குக் காட்டினார்.

நாள் 4. காலை 7.30. ஆறு பேருக்கும் உடல்நலமில்லை

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். என்னைத் தவிர எல்லாரும் படுத்துவிட்டார்கள். கணினிகளைக் கவனிக்கும் பௌசியா அக்காவுக்குச் சுயநினைவில்லை. வாளிகளை நான்தான் எடுத்துக் கொட்டுகிறேன். எதைக் கொட்டுகிறேன் என்று எழுத மாட்டேன். கையை எத்தனை முறை துடைத்தாலும் விரல் இடுக்கில் அந்த வாடை இருக்கிறது.

தொட்டி நீரைச் சோதித்தேன், என்னிடம் இருக்கும் ஒரே கருவியால். மூக்கு சொன்னது: கழிவு, அதோடு கழிவைக் கரைக்கப் போடும் மருந்து. மருந்து கலந்த நீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை. இப்போதைக்கு எல்லாருக்கும் சாறு பொட்டலம்தான் தருகிறேன். பேனல் மட்டும் பச்சையாகச் சிரிக்கிறது.

பெரிய ஆன்டெனா போன மாதமே வளைந்துவிட்டது. சின்னதில் எழுத்து மட்டும், அதுவும் பக்கத்துக் கப்பல் வரைக்கும்தான் ஊர்ந்து போகும். அவசரச் செய்தி அனுப்பினேன். அருகில் செல்லும் சரக்குக் கப்பலின் பொறியாளர் சங்கரபாண்டி என்பவர் பதில் எழுதினார்:

"ஏ பிள்ள, பயப்படாத. கப்பலத் திருப்பிட்டோம். வந்து சேர பத்தொன்பது நாள் ஆகும். அதுவரைக்கும் அவங்க தாங்கணும்னா தண்ணி சுத்தமாகணும். சென்சார் சொல்றதக் கேட்டு வால்வத் தெறக்குறதும் மூடுறதும், பேனலுக்குச் சேதி சொல்றதும் ஒரே புரோகிராம்தான். போன மாசம் அத மாத்துன பெறகுதான் ஒங்களுக்கு இந்தக் கூத்து. நான் சரிபண்ணி எழுதி அனுப்புதேன். நீ அங்க கம்பைல் பண்ணிப் போடு."

நாள் 5. பகல் 11.45. தேடியின் ஒன்பது விடைகள்

சங்கரபாண்டி மாமாவின் நிரல் எழுத்தெழுத்தாக வந்து சேர்ந்தது. மனிதர் எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அது இல்லாவிட்டால் வந்திருப்பது வெறும் கட்டுரை. கம்பைலரையே அனுப்பச் சொன்னேன். இந்த வேகத்தில் அது வந்து சேர்வதற்குள் நான் கல்லூரியே முடித்துவிடுவேனாம். நிலையத்தில் எங்காவது நிறுவியிருப்பார்கள், "தேடி" என்ற கருவியை ஓட்டு என்றார்.

தேடி நல்ல பிள்ளை போல வேலை செய்தது. வலையில் இருக்கும் ஒவ்வொரு கணினியிலும் நுழைந்து, கம்பைலர்கள் வழக்கமாக இருக்கும் இடங்களைப் பார்த்தது. தெரிந்த பெயர் கண்ணில் பட்டால் அதனிடம் "நீ யார்? எந்தப் பதிப்பு?" என்று கேட்டது. பதில் வந்தால் பட்டியலில் சேர்த்தது. ஒன்பது கிடைத்தன. நான் கைதட்டினேன்.

மாலை 4.20. கைதட்டியதற்கு வெட்கப்படுகிறேன். முதலாவது, கதிரேசன் சாரின் கணினியில். படங்கள் சேர்த்து வைக்க இடம் போதாமல் கம்பைலரின் பாதியை அழித்திருக்கிறார். என்ன படங்கள் என்பதையும் எழுத மாட்டேன். விசைப்பலகை இடுக்கில் வெட்டிப்போட்ட நகங்கள். இரண்டாவது, மூன்றாவதைப் போய்ப் பார் என்கிறது. மூன்றாவது, இரண்டாவதைப் பார் என்கிறது.

மற்ற ஆறும் ஒரே மாதிரி. நிரலைக் கொடுத்தேன். நொடியில் "வெற்றி" என்றது. ஆனால் எதையும் உருவாக்கவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே நான்கே வரி. பதிப்பைக் கேட்டால் ஒரு எண்ணைச் சொல். வேறு எதைக் கேட்டாலும் "வெற்றி" என்று சொல். அவ்வளவுதான். பல்லியைத் திருப்பிப் போட்டால் வயிறே இல்லாத மாதிரி இருந்தது. ஆறையும் ஒரே நாளில், நிறுவன ஆய்வுக்கு முதல்நாள் உருவாக்கியிருக்கிறார்கள். உருவாக்கியவர் பெயர்: ஜெபமணி.

அப்பாவின் அறைக்கு இன்டர்காமில் பேசினேன். அவர் குரல் ரொம்ப மெல்லியதாக வந்தது:

"அது சும்மா பேருக்கு வச்சது, ஏட்டி. புதுசு வாங்கித் தரமாட்டாங்க. ஆனா இருக்கான்னு கேப்பாங்க. தூரத்துலேருந்து தேடிய ஓட்டி, பேர மட்டும்தான் பாப்பாங்க. எல்லா நெலையத்துலயும் இப்படித்தான்... பியூலா, இன்னொண்ணு சொல்லணும்..."

நான் இன்டர்காமை அணைத்துவிட்டேன். இன்னொன்றையும் கேட்க நான் தயாராக இல்லை. பள்ளியில் நான் தோழியின் வரைபடத்தைப் பார்த்து வரைந்ததற்காக இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்தவர் இவர்.

நாள் 6. காலை 9.00. தேடிக்கு மூக்கு வைத்தேன்

பௌசியா அக்கா விடுமுறை நாட்களில் எனக்கு நிரல் எழுதக் கற்றுத் தந்திருக்கிறார். தேடியைத் திறந்து மாற்றினேன். இனி அது பெயர் கேட்காது. யாரைக் கண்டாலும் இரண்டே வரி நிரல் ஒன்றை நீட்டும். அதைக் கம்பைல் செய்து, உருவாவதை ஓட்டி, இரண்டும் மூன்றும் ஐந்து என்று விடை வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் துப்பிவிடும்.

ஒன்பதையும் துப்பியது. இப்போது பட்டியலில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தேடியின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

மதியம் 1.15. சாப்பிடும்போது ஒன்று தோன்றியது. போன மாத நிரலும் எழுத்தாகத்தான் வந்தது. பௌசியா அக்கா அதை இங்கேதான் கம்பைல் செய்தார். அப்படியென்றால் உண்மையான ஒன்று இங்கே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வால்வு நிரலுக்குள் அது பிறந்த இடத்தின் முகவரி பொதிந்திருக்கும் என்று படித்திருக்கிறேன். தேடினேன். இருந்தது: "குழிக்கணினி".

அது கழிவுக் குழிக்குள் இருக்கும் பழைய கணினி. வலையில் அதைக் காணோம். கேபிள் கழன்றிருக்க வேண்டும். தேடியால் அங்கே போக முடியாது. நான்தான் போக வேண்டும்.

மாலை 5.50. போய் வந்துவிட்டேன். தலைமுடியை மூன்று முறை அலசினேன், அதே தண்ணீரில்.

குழியின் மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் வந்தது. ஏணிப்படிகளில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிற வழுவழுப்பு. கீழே முழங்கால் வரை கூழ். அதில் மனித முடிக் கற்றைகள் சுருண்டு மிதந்தன. எங்கள் ஏழு பேரின் முடி, என்னுடையதும் சேர்த்து. ஒவ்வொரு அடிக்கும் காலணியை ஏதோ உறிஞ்சிப் பிடித்தது. முகமூடிக்குள்ளேயே ஒருமுறை வாந்தி எடுத்தேன். கழற்ற முடியாது, அப்படியே நடந்தேன். குடிநீர்க் குழாயின் பக்கவாட்டுத் துளையில் ரப்பர் அடைப்பான் ஒன்றைச் செருகிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அதன் மேல் கரப்பான்கள் கூடு கட்டியிருந்தன. கணினி அதற்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள். கேபிளின் முனையில் பச்சைத் துரு. சட்டை நுனியால் தேய்த்துச் செருகினேன்.

மேலே வந்து பார்த்தபோது தேடி எழுதியிருந்தது:

"ஒன்று கிடைத்தது. விடை: ஐந்து."

கூழ் சொட்டச் சொட்ட அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இரவு 7.40. சங்கரபாண்டி மாமாவின் நிரலைக் கம்பைல் செய்தேன். பிழை இல்லை. வால்வு மூடியது, சென்சாரை ஏழு முறை கேட்டது, திறந்தது. பேனல்: "தூய்மை 100". அவருக்கு அனுப்பினேன்.

நாள் 7. காலை 6.30. கப்பலின் செய்தி

"பியூலா, நீ பிள்ளையா, இஞ்சினியரா? புது புரோகிராம் ஏழு தடவ சோதிச்சு ஏழு தடவயும் சுத்தம்னு சொல்லுது. இங்க எல்லாருக்கும் ஒன் கதயத்தான் சொன்னேன். சுத்தமான தண்ணி குடிச்சா அவங்க ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவாங்க. எங்க சரக்கு அழுகுது, பழைய பாதைக்கே திரும்புதோம். ஆறு மாச நீள் உறக்கம் பாக்கி இருக்கு, எல்லாரும் படுக்கப் போறோம். ஒங்க பேனலக் கப்பல் கணினி பாத்துக்கிடும். சிவப்பு வந்தா அது எங்கள எழுப்பும். வரட்டா?"

காலை 6.45. ஆறு கோப்பைகளை நிரப்பித் தட்டில் வைத்தேன். அப்பாவுடையதை முதலில் எடுத்தேன். பழக்கத்தில் முகர்ந்தேன்.

அதே நாற்றம்.

காலை 6.50. கப்பலுக்கு எழுதினேன். கப்பல் கணினியின் பதில்:

"பணியாளர்கள் உறக்கத்தில் உள்ளனர். உங்கள் நிலையத்தின் நீர்: தூய்மை 100. அவசரநிலை முடிக்கப்பட்டது."

காலை 7.05. இன்டர்காமைப் போட்டேன். அப்பா விழித்திருந்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சென்சார் செத்து ரெண்டு வருசம் ஆச்சு, ஏட்டி. புதுசு கேட்டேன், வரல. பேனல் சிவப்பா இருந்தா சுரங்கத்த மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அதான் அதக் கழட்டி, அது இருந்த துளைய அடச்சிட்டு, எப்பக் கேட்டாலும் நூறுன்னு சொல்ற மாதிரி ஒண்ணு எழுதி வச்சேன். தெனமும் நானே சோதனைத் தாள் போட்டுப் பாத்தேன். போன மாசம் தாள் தீந்துபோச்சு. வால்வு ரப்பர் எப்பப் பிஞ்சிச்சோ தெரியல. குழியிலயே கெடந்து கெடந்து எனக்கு நாத்தமே தெரியலியேம்மா... அன்னைக்கே சொல்ல வந்தேன்..."

கரப்பான் கூடு கட்டியிருந்த அந்த அடைப்பான். நான் அதன் எதிரில் நின்றிருக்கிறேன்.

தேடிக்கு மூக்கு வைத்தேன். வால்வுக்கு வைக்கவில்லை. அது சென்சாரின் பேச்சை நம்பியது. மாமா வால்வின் பேச்சை நம்பினார். அப்பா பேசவந்தபோது நான் அணைத்தேன்.

காலை 10.30. கையால் வால்வை மூடிவிட்டேன். தொட்டி முழுவதும் ஏற்கெனவே கெட்ட நீர்தான். மீதமிருந்த சாறு பொட்டலங்களை எல்லாருக்கும் சமமாகப் பிரித்தேன். பௌசியா அக்காவுக்குக் கரண்டியால் ஊட்டினேன்.

கப்பலை எழுப்பும் ஒரே வார்த்தை சிவப்பு. சென்சார் இல்லாமல் சிவப்பு வராது. எனவே நானும் எழுதினேன். நான்கு வரி. எப்போது கேட்டாலும் "கழிவு" என்று சொல். குழிக்கணினியில் கம்பைல் செய்து, அப்பாவுடையதை அழித்துவிட்டு என்னுடையதை வைத்தேன். என்னுடையது சொல்வது உண்மை. ஆனாலும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், இதற்கும் வயிறு இல்லை. கையைக் கழுவத் தோன்றியது. கழுவ நல்ல தண்ணீர் இல்லை.

பேனல் சிவப்பு.

நாள் 8. காலை 8.10. கப்பல் கணினியின் பதில்

"பாறை-17: அளவீடு கழிவு. இரண்டு ஆண்டுகளாக மாறாத தூய்மைப் பதிவோடு இது பொருந்தவில்லை. சென்சார் பழுதாகக் கருதப்படுகிறது. பணியாளர்கள் எழுப்பப்படவில்லை. அடுத்த வருகையில் புதிய சென்சார் தரப்படும்."

நாள் 11. காலை

பொட்டலங்கள் தீர்ந்தன. பிச்சமுத்து அண்ணன் இன்டர்காமில் கேட்டார்:

"மூக்கு மேடம்... தாமிரபரணித் தண்ணி வந்துருச்சா?"

வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

பௌசியா அக்காவின் முகத்தைப் போர்வையால் மூடி, அறைக் கதவைச் சாத்திவிட்டேன்.

நாள் 12

இதைக் கண்டெடுப்பவருக்கு. பேனலைப் பார்க்காதீர்கள். பட்டியலை நம்பாதீர்கள். தேடியை மட்டும் எடுத்துப் போங்கள், அது நல்ல

அப்பா தண்ணீர் கேட்கிறார். நாக்கு ஒட்டிக்கொள்கிறது, எனக்கும்.

தொட்டியிலிருந்து இரண்டு கோப்பை பிடித்தேன். முகர்ந்தேன்.

திரும்பவும் முகர்ந்தேன். பிறகு, இன்னும் கொட்டாத வாளியை முகர்ந்தேன்.

ஒரு வாடையும் இல்லை.