பிசிறு எடுக்கும் பெட்டி

பதிவு 1
ஐப்பசி 3. காலை 7.10. அறைச் சத்தம்: குறைவு. தெளிவு நிலை: 1.

எந்த வருஷம் என்று பெட்டி கேட்கிறது. மில் புகைபோக்கியை வெடி வைத்துச் சாய்த்தார்களே, அந்த வருஷம். டவுன் பஸ்ஸில் டிரைவரை இறக்கிவிட்டு மெஷினை உட்கார வைத்த வருஷம். ஆடியில் நிரம்பிய குளம் ஐப்பசி பிறக்கும் முன்பே மறுபடியும் தளும்பிய வருஷம். இதற்கு மேல் அடையாளம் வேண்டுமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெயர் பொங்கியண்ணன். டோக்கன் நம்பர் 417. ஸ்பின்னிங்கில் முப்பத்தொரு வருஷம். எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். ஆயிரம் நூல் கதிர் ஒரே மூச்சாகச் சுற்றுகிற இடத்தில் காதை விட்டுவிட்டு வந்தவன்.

மில் லைன் வீடுகளில் பாதியை இடித்தாகிவிட்டது. மிச்சம் நாலு பேர்தான் இருக்கிறோம், நாலு பேரும் செவிடு. கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு என்று ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் பெட்டி. காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி. போனையும் அதோடு கட்டிவிட்டார்கள், கூப்பிட்டால் டிவியில் முகம் தெரியும். என்ன கேட்டது, எப்படிக் கேட்டது என்று தினம் நான் சொல்ல வேண்டும். பெட்டி அதை எழுதி வைத்துக்கொண்டு கம்பெனிக்கு அனுப்பும். அனுப்புகிற எழுத்து அதன் முகத்தில் உள்ளங்கை அகலத் திரையில் ஓடும். பட்டாணியைப் போட்டதும் ஒரு பெண்குரல் வந்தது.

“வணக்கம் ஐயா. டிவியில் வரும் பாட்டையும் இரைச்சலையும் நான் எடுத்துவிடுவேன். பேச்சை மட்டும் தருவேன். விட்டுப்போன சொல்லை நானே நிரப்புவேன். நீங்கள் சொல்வதையும் பிசிறு எடுத்து அனுப்புவேன்.”

பிசிறு எடுப்பது எனக்குத் தெரிந்த வேலை. நல்ல நூலையும் சேர்த்து அறுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அனுப்பியது: முழுவதும்.

பதிவு 2
ஐப்பசி 4. மாலை 6.45. அறைச் சத்தம்: குறைவு. தெளிவு நிலை: 1.

தெளிவாகக் கேட்கிறது. பத்தொன்பது வருஷமாகத் தொடரில் மாமியார் வாயைத் திறந்தால் எனக்கு மேளம்தான் கேட்கும். இன்றைக்கு அவள் மருமகளிடம் மோர் கேட்டாள். அதற்கா அத்தனை மேளம் என்று சிரிப்பு வந்தது.

ஆனால் உதட்டைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. ஸ்பின்னிங்கில் யாரும் கத்த மாட்டோம், கத்தினாலும் கேட்காது. உதட்டை அசைத்தால் எதிராளி பார்த்துக்கொள்வான். அறுபது அடி தள்ளி மேஸ்திரி யாரைத் திட்டுகிறார் என்று நான் சொல்லிவிடுவேன். இந்தியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுக்கிற தொடர்களை மட்டும் என்னால் பார்க்க முடியாது. காதில் ஒன்று, உதட்டில் ஒன்று. தலை சுற்றும்.

எதிர்வரிசை ஜன்னலில் மாரக்காள். செத்துப்போன என் கூட்டாளி திருமலையின் சம்சாரம், எனக்கு நங்கையா, அண்ணி முறை. நூலைச் சிட்டம் போடுகிற ரீலிங்கில் வேலை பார்த்தவள். இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாள். பட்டாணி அரிக்கிறது என்று முதல் நாளே பிடுங்கிப் போட்டுவிட்டாள். சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் உதட்டிலேயே பேசிக்கொள்வோம். இன்றைக்கு அவள் சொன்னது:

“ஏனுங் கொழுந்தனாரே, இனி என்ற வாயைப் பாக்க மாட்டீங்களாட்ட இருக்குது. டிவிக்காரி வாய்தானா?”

“அவளுக்குப் பல்லு இருக்குதுங் நங்கையா.”

“அப்ப அவ ஊட்டுக்கே சோறு திங்கப் போங்க.”

அனுப்பியது: முழுவதும், பிசிறு நீக்கி.

பதிவு 3
ஐப்பசி 6. மாலை 6.30. அறைச் சத்தம்: அதிகம் (மழை). தெளிவு நிலை: 3, தானாக உயர்த்தப்பட்டது.

இரண்டு நாளாக மழை. ஓட்டின் மேல் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. பெட்டி எடுத்துவிடுகிறது.

செய்தி பார்த்தேன். படிக்கிற பெண் தமிழ்ப் பெண். காதில் விழுந்தது: “குளத்தில் ஏழு அடி நீர் உள்ளது. மக்கள் கண்டு மகிழ்ந்தனர்.” அவள் தோளுக்கு மேல் எண் போட்டிருந்தார்கள். 27.

எண் எனக்குத் தெரியும். 27 என்றால் குளம் கரை தொட்டுவிட்டது. அரைமணி கழித்து மறுபடி அதே செய்தி. இந்தத் தரம் உதட்டைப் பார்த்தேன். ஏழு என்று சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டாது. அவளுக்கு ஒட்டியது. இருபத்தேழு என்பதில் ‘ப’ வருகிற இடத்தில்தான் அப்படி ஒட்டும்.

பெட்டியிடம் கேட்டேன். அது சொன்னது: “விட்டுப்போன சொல்லை நிரப்பினேன் ஐயா. பதறும்போதெல்லாம் நீங்கள் ‘தெளிவாக இல்லை’ என்று சொல்கிறீர்கள். பதறாத சொல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. கற்றுக்கொண்டேன்.”

நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். நேற்று. விபத்துச் செய்தியில். சொன்னேன்தான்.

கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அனுப்பியது: மழை. குளத்தில் 7 அடி நீர். ஐயா மகிழ்ச்சியாக இருக்கிறார்.

பதிவு 4
ஐப்பசி 7. காலை 8.20. அறைச் சத்தம்: மிக அதிகம். தெளிவு நிலை: 4, தானாக உயர்த்தப்பட்டது.

விழித்தபோது சந்தில் தண்ணீர். வாசற்படி மூழ்கிவிட்டது. மாரக்காள் ஜன்னலில் இருந்தாள். விடிந்ததும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சந்து முனைக்கு வந்ததாம். மைக்காரன் உதட்டை அவள் படித்திருக்கிறாள்: “எல்லாரும் மேட்டுக்கு வாங்க.” யாரும் வெளியே வராததால், இவள் கையசைத்ததையும் பார்க்காமல், லைன் காலி என்று போய்விட்டான். பட்டாணியோடுதான் தூங்கினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி பேச்சுத்தானே? தூரத்துப் பேச்சு இரைச்சலாகிவிடும் போலிருக்கிறது.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். குளத்துக் கரையோரம் முதல் வீடு அவனுடையது. மில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்து சங்குச் சத்தத்தில் காதை விட்டவன். டிவியில் முகம் வந்தது.

காதில்: “சுகமா இருக்கறனுங் அண்ணா. மழை பாக்க நல்லா இருக்குது.”

உதட்டில்: “தண்ணிங் அண்ணா. தொடை வரைக்கும். கதவு தொறக்க மாட்டீங்குது.”

என் பட்டாணியைப் பிடுங்கிவிட்டுக் கத்தினேன். மேசை மேல் ஏறு, ஓட்டைப் பிரி, வெளியே தலையை நீட்டு என்று கத்தினேன். அவன் கேட்டிலேயே காலம் கழித்தவன், உதடு படிக்கத் தெரியாது. காதில் பட்டாணியோடு இருந்தான். நான் கத்தக் கத்த அவன் முகம் தெளிந்தது. சிரித்தான். தலையை ஆட்டினான். ஏறப் போனவன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான்.

அவன் காதில் நான் என்ன சொன்னேனோ.

கொஞ்ச நேரத்தில் கட்டில் அசைந்தது. அப்புறம் டிவியில் சுவர் மட்டும்தான் தெரிந்தது. அதுவும் பிறகு இல்லை.

அனுப்பியது: நண்பர் நாச்சிமுத்துவுடன் இனிய உரையாடல்.

பதிவு 5
ஐப்பசி 7. காலை 10.15. அறைச் சத்தம்: மிக அதிகம். தெளிவு நிலை: 5.

வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சந்து முனையில் ஆளை இழுக்கிற வேகம், தாண்ட முடியாது. மகள் சாந்தாமணி திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள். என்னவோ ஏதோ என்று பயந்த முகம். பட்டாணியை மாட்டிக்கொண்டு சொன்னேன்: நாச்சிமுத்து செத்துவிட்டான், வீட்டுக்குள் தண்ணீர், ஆளைக் கூட்டிக்கொண்டு படகோடு வா, மாரக்காளால் எழ முடியாது.

அவள் முகம் மலர்ந்தது.

காதில்: “அப்பாடா, இப்பத்தானுங்கப்பா உசுரு வந்துச்சு. அப்ப தீபாவளிக்கே வர்றேன்.”

உதட்டில்: “அப்பாடா, இப்பத்தானுங்கப்பா உசுரு வந்துச்சு. அப்ப தீபாவளிக்கே வர்றேன்.”

ஒத்துப்போனது. ஒரு சொல் பிசகவில்லை. அதில்தான் எனக்கு விளங்கியது. அவள் பேச்சை அது தொடவே இல்லை. மாற்றியது என் பேச்சை.

அழுதேன். பெட்டி அதை என்னவாகக் கொடுத்ததோ, அவளும் கூடச் சிரித்தாள். அதற்குள் மின்சாரம் போனது. முகமும் போனது.

அனுப்பியது: மகளுடன் பேசி மகிழ்ந்தார்.

பதிவு 6
ஐப்பசி 7. மதியம் 12.40. மின்கலத்தில் இயங்குகிறது. தெளிவு நிலை: 5. அழைப்பு வசதி: இல்லை. எழுத்து மட்டும் செல்லும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரணில் ஏறிவிட்டேன். இரண்டு ஓட்டைப் பிரித்தேன். சந்து தெரிகிறது, மாரக்காள் ஜன்னல் தெரிகிறது.

ஆறுச்சாமி போய்விட்டான். மூன்றாவது வீடு, நாலு பேரில் ஒருத்தன். கதவைத் திறந்துகொண்டு சாவகாசமாக இறங்கினான், கடைக்குப் போகிறவன் மாதிரி, கையில் பையோடு. மழை நின்றது, தண்ணீர் வடிகிறது என்று பெட்டி அவன் காதில் சொல்லியிருக்க வேண்டும். சந்து முனையில் தண்ணீர் காலை வாரியது. என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். உள்நாக்குத் தெரியுமளவு திறந்திருந்தான். என் காதுக்குள் கோயில் கருவறை மாதிரி அமைதி. கத்துவது பேச்சு இல்லையே. இரைச்சல்தானே.

பட்டாணியைத் தண்ணீரில் எறிந்துவிட்டேன். ஐம்பது வருஷத்துக் கூட்டாளி கடைசியாகக் கத்தியதை எடுத்து எறிந்த சாமான் என் காதில் இருக்கக் கூடாது.

இப்போது பெட்டி என்ன பதில் சொல்கிறது என்று கேட்காது. பரவாயில்லை. அனுப்புவதைக் கண்ணால் பார்க்கிறேன். இதுவரை நாலைந்து மூச்சுக்குச் சொல்லியிருப்பேன். திரையில் ஓடியது ஒரே வரி. எழுத்துத் தெரியாதவனுக்கும் நீளம் தெரியும்.

அனுப்பியது: அமைதியான பிற்பகல்.

பதிவு 7
ஐப்பசி 7. மாலை 3.30. தெளிவு நிலை: 5. மின்கலம்: கால் பங்கு.

எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். கத்திச் சொன்னேன். கெஞ்சிச் சொன்னேன். மெதுவாக, செய்தி படிக்கிறவள் மாதிரிச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் அதே குட்டை வரி.

தண்ணீர் மாரக்காள் ஜன்னல் கட்டையைத் தொட்டுவிட்டது. கட்டில் மிதக்கிறது. முந்தானையைக் கம்பியில் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

“ஏனுங் கொழுந்தனாரே, உங்க டிவிக்காரி என்ன சொல்றா?”

“படகு வருதுன்னு சொல்றாங் நங்கையா.”

“பொய் சொன்னா உங்க கீழுதடு ஆடுமுங். கலியாணத்துக்கு முந்தி எங்கூட்டுக்காரருக்குப் பீடிப் பழக்கம் இல்லைன்னு சொன்னீங்களே, அன்னைக்கும் ஆடுச்சு.”

நானும் பிசிறு எடுத்திருக்கிறேன். அவளுக்குப் பதறாத சொல்லை நிரப்பியிருக்கிறேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சிரிக்கிறாள். அவள் தாடை குளிரில் நடுங்குவது இங்கேயிருந்தே தெரிகிறது.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். மாரக்காள் என்று. ஐம்பது வருஷத்தில் நான் அவளை நேருக்கு நேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திரையில் ஒரு வடிவம் ஓடியது. அது எனக்குத் தெரிந்த வடிவம். கலியாணத்துக்கு வாங்கிய டிரங்குப் பெட்டியில் திருமலை அவள் பெயரை எழுத வைத்தான். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இரண்டு புள்ளி. நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அதே இரண்டு புள்ளி.

பெயரை அது மாற்றவில்லை. பெயருக்குப் பதில் எந்தச் சொல்லை நிரப்பும்? அதற்கு எட்டவில்லை.

அனுப்பியது: மாரக்காள். இனிமையான அண்டை வீட்டார்.

பதிவு 8
ஐப்பசி 7. மாலை 4.25. தெளிவு நிலை: 5. மின்கலம்: மிகக் குறைவு.

சோதித்துப் பார்த்துவிட்டேன். பெயரோடு ஒரு சொல் சேர்த்தால் வரி நீள்கிறது, புள்ளிகள் எங்கோ போய்விடுகின்றன. மாரக்காள் சாகப்போகிறாள் என்றால் நீள்கிறது. மாரக்காளைக் காப்பாற்று என்றாலும் நீள்கிறது. பொங்கியண்ணன், மாரக்காள் என்று இரண்டு பெயரைச் சேர்த்துச் சொன்னேன். அதுவும் நீண்டது. இரண்டு பேர் இருந்தால் அதற்குக் கதை கட்ட இடம் கிடைத்துவிடுகிறது, இருவரும் நலம் என்று. ஒற்றைப் பெயரை, மூச்சு விட்டு மூச்சு விட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் அப்படியே போகிறது.

கம்பெனியிடம் நாலு பேரின் பெயரும் வீட்டு நம்பரும் இருக்கின்றன. ஒரே பெயர் நூறு தரம் போனால் அங்கே யாராவது ஒருத்தர் நிமிர்ந்து பார்ப்பார். பார்த்தால் அந்த ஒரு வீட்டுக்குத்தான் வருவார்.

ஒரு பெயர்தான். யாருடையது?

தண்ணீர் பரண் கட்டையைத் தொட இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. பின்சுவர் மண் சுவர், கரைந்து வாய் பிளந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. எழுதிக்கொள், பெட்டி, இதை மாற்றாமல் எழுதிக்கொள்: எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. என் பெயரைச் சொல்ல வாய் வருகிறது. ஒரு தரம் சொல்லியும்விட்டேன், திரையில் அது நெளிந்து ஓடியதைப் பார்த்தேன்.

என் பெயருக்கு வருகிறவர் இந்தச் சுவர் விழுந்த பிறகுதான் வருவார். அவள் வரிசை மேடு, சுவரும் செங்கல் சுவர். கம்பி பலமாக இருக்கிறது. முந்தானை நைலக்ஸ், அறாது.

கம்பெனிக்காரர்களே, இனி நீங்கள் கணக்கில் வைக்க வேண்டியது ஒரே ஆள்.

அவளிடம் உதட்டில் சொன்னேன்: “படகு வருதுங் நங்கையா.”

அவள் ரொம்ப நேரம் என் உதட்டையே பார்த்தாள்.

“இப்ப ஆடலீங்,” என்றாள்.

அனுப்பியது: நன்றி. தெளிவாகக் கேட்கிறது.

பதிவு 9
ஐப்பசி 7. மாலை 5.05. அறைச் சத்தம்: அளவிட முடியவில்லை. தெளிவு நிலை: 5.

மாரக்காள்.

மாரக்காள்.

மாரக்காள்.

அனுப்பியது: மாரக்காள். மாரக்காள். மாரக்காள்.