இரண்டு கால், இரண்டு அளவு

ஜனவரி 12

அன்புள்ள வாலு,

இங்கே நான், உன் அண்ணன், அவருடைய சோம்பல் மூவரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீ ஓய்வாக இருக்கும்போது என் இரண்டு கையிலும் பசை. என் கை காயும்போது நீ தூங்கப் போய்விடுகிறாய். மெயிலே நல்லது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலையை விட்டுவிட்டுச் செருப்பு தைக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, இந்தக் குடும்பத்தில் சிரிக்காத ஒரே ஆள் நீ. அதை நான் மறக்கவில்லை. இப்போது பின்னறை முழுக்கக் கால் அச்சும் தோலும்தான். துணி காயப்போட இடமில்லை என்று உன் அண்ணன் முணுமுணுக்கிறார், என்னவோ தினமும் அவர்தான் காயப்போடுகிற மாதிரி.

இரண்டு பாதமும் ஒரே அளவில் இல்லாதவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. பிறவியிலேயே ஒரு பாதம் சிறியதாக இருப்பவர்கள், விபத்தில் விரல் போனவர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் வீங்கியே இருப்பவர்கள். கடையில் ஜோடியாகத்தான் விற்கிறார்கள் என்பதால் இவர்கள் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தூக்கிப் போடுகிறார்கள்.

எல்லா ஆர்டரும் போனில் வருவதால் குளறுபடி. போன வாரம் ஒருவருக்கு இரண்டுமே இடது காலாகப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. "இடது ரொம்ப நல்லா இருக்கும்மா. வலதையும் கொஞ்சம் கவனிங்க" என்றார்.

இணையத்தில் ஒரு கடை போட்டே ஆக வேண்டும். அதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். மாதக் கட்டணம் கட்டினால் ஒரு கம்பெனியே எல்லாம் தயாராக வைத்துத் தருகிறது. படத்தை ஏற்றி விலையைப் போட்டால் மறுநாளே வியாபாரம் செய்யலாம். ஆனால் அதில் ஒரு ஜோடிக்கு ஒரு அளவுதான் தேர்ந்தெடுக்க முடிகிறது. இன்னொரு வழி, ஆள் வைத்து நமக்கென்றே முதலிலிருந்து கட்டுவது. உன் அண்ணன், "சாஃப்ட்வேர் எழுதுற என் தங்கச்சி எதுக்கு இருக்கா, அவளைக் கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன்.

உன் அண்ணி

*

ஜனவரி 15

அன்புள்ள அண்ணி,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நானே கட்டித் தருகிறேன்.

தயாராகக் கிடைக்கும் கடை வாடகை வீடு மாதிரி. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ஓனரைக் கேட்க வேண்டும். நாளைக்கே அவர்கள் கட்டணத்தை ஏற்றுவார்கள், விதியை மாற்றுவார்கள். உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வாடிக்கையாளர்கள் யார், அவர்கள் காலின் அளவு என்ன என்பதெல்லாம் யாரோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் கிடக்கும். அது உங்களுக்குச் சம்மதமா?

நான் கட்டும் கடையில் இடது தனி, வலது தனி. அதைவிட முக்கியம், ஆஸ்பத்திரியில் நோயாளியை உட்காரவைத்து நீங்கள் என்னென்ன கேட்பீர்களோ அதையே கடையும் கேட்கும். அந்தக் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அழகுபடுத்த வேண்டாம். வாயால் எப்படிக் கேட்பீர்களோ அப்படியே எழுதுங்கள்.

எனக்குக் கூலி எதுவும் வேண்டாம். நான் காலேஜில் அரியர் வைத்ததை அப்பாவிடம் சொல்லாமல் மறைத்தீர்களே, அதற்கு இது.

உங்கள் வாலு

*

மார்ச் 30

என் வாலு,

கடை ஓடுகிறது. நீ கெட்டிக்காரி என்று தெரியும். ஆனால் இவ்வளவு என்று தெரியாது.

உனக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது பாதம் வளராமல் நின்றுவிட்டது. ஆர்டர் போட்டதும் நானே டேப் வைத்து அளவெடுத்துக் கடையில் ஏற்றினேன். நேற்று செருப்பைக் கையோடு வாங்கிப் போக வந்தார். போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன். இன்னொரு தடவை நடந்தார். அப்புறம், "உங்க கடையில 'செருப்பைக் கழற்றினதும் எங்கே சிவந்திருக்கு, தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க'ன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. இதுவரைக்கும் யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல" என்றார். நீ அப்படியே எழுதச் சொன்னாயே, அதற்குத்தான் நன்றி.

இனி குறை. நீ மலையேறப் போயிருந்தபோது கடை படுத்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். ஒரு படத்தை மாற்றக்கூட உனக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கடையின் பாஸ்வேர்டை எனக்கும் கொடுத்து வை. உனக்கும் தொல்லை குறையும்.

அன்புடன் அண்ணி

*

ஏப்ரல் 9

அண்ணி,

தாமதத்துக்கு மன்னிப்பு. ஆபீஸில் புதிய டீம், புதிய பொறுப்பு. மூச்சு விட நேரமில்லை.

பாஸ்வேர்ட் எல்லாம் உங்களுக்கு எதற்குத் தலைவலி? தெரியாமல் எதையாவது அழுத்தினால் எல்லாம் போய்விடும். நான் இருக்கிறேன் இல்லையா?

ஒரு உதவி. இனி ஆர்டர் போடுபவர்களிடம் உடல் எடையையும், பாதத்தை மூன்று பக்கமிருந்து எடுத்த படத்தையும் கேட்கச் சொல்லி மாற்றியிருக்கிறேன். பழைய வாடிக்கையாளர்களிடமும் நீங்களே போன் செய்து வாங்கிவிடுங்கள். நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள். அளவு இன்னும் துல்லியமாக வரும்.

வாலு

*

ஆகஸ்ட் 21

வாலு,

இதை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை கணக்கு டீச்சர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை என்னிடம் நீட்டினார். ஒரு பெரிய செருப்புக் கம்பெனி அவருக்கு மெயில் அனுப்பியிருக்கிறது: உங்கள் இரண்டு பாதத்துக்கும் தனித்தனி அளவில், எங்களிடம். இடது, வலது அளவுகளும் அதிலேயே இருந்தன. நான் டேப் வைத்து எடுத்த அளவுகள்.

அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தோம். 'செருப்பைக் கழற்றினதும் எங்கே சிவந்திருக்கு, தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க.' ஒரு எழுத்துகூட மாறவில்லை. மற்ற கேள்விகளும் அப்படித்தான். 'தொட்டு' என்பதை ஒரு இடத்தில் நான் 'தோட்டு' என்று தப்பாக அடித்திருந்தேன். அதுவும் இருந்தது.

"நீங்க கேட்டீங்கன்னுதான் கால் போட்டோ அனுப்பினேன்" என்றார் டீச்சர். "எங்க வீட்டுக்காரர்கூட என் காலைப் படம் எடுத்ததில்ல." அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

அது நீ வேலை பார்க்கும் கம்பெனி அல்ல என்று உறுதியாக நினைத்தேன். உன் கம்பெனி கடைகளுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனிதானே. பக்கத்தின் அடியில் பார்த்தேன். சின்ன எழுத்தில் உன் கம்பெனியின் பெயர் இருந்தது.

உன்னைக் கேட்பதற்கு முன் உன் அண்ணனிடம் சொல்லி அழலாம் என்று போனேன். அவர் ஆச்சரியப்படவில்லை, வாலு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அவ அப்பவே சொன்னா. நல்ல இடம், நிறையப் பேருக்குப் போய்ச் சேரும்னா. உன்கிட்ட அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு நினைச்சோம்."

நினைச்சோம். அந்த வார்த்தைக்குள் நீயும் அவரும் இருக்கிறீர்கள். நான் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் எதற்குள் இருந்தேன் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இது உண்மையா? நீ இல்லையென்று சொன்னால் நம்பத் தயாராக இருக்கிறேன். எனக்கு இன்னும் அந்தப் பைத்தியம் இருக்கிறது.

அண்ணி

*

ஆகஸ்ட் 24

அண்ணி,

உண்மைதான். ஆனால் நீங்கள் நினைப்பது போல இல்லை.

கடையைக் கட்டியது நான். பாதிக்கு மேல் ஆபீஸ் வேலைக்கு நடுவில் எழுதினேன். மேலதிகாரி ஒருநாள் பார்த்துவிட்டார். இப்படி ஒன்று எந்தச் செருப்புக் கம்பெனியிடமும் இல்லை என்றார். அதற்காகத்தான் புதிய டீமும் பொறுப்பும் கொடுத்தார்கள். அளவுகள் இல்லாமல் அது வேலை செய்யாது, அதனால் அதை அந்தச் செருப்புக் கம்பெனிக்குக் கொடுத்தபோது அவையும் சேர்ந்து போயின. டீச்சருக்கு மெயில் போகும் என்று எனக்குத் தெரியாது.

உங்களால் மாதத்துக்கு எத்தனை ஜோடி தைக்க முடியும்? அவர்கள் லட்சக்கணக்கில் செய்வார்கள். அத்தனை பேர் காலும் வலிக்காமல் இருப்பது நல்லதில்லையா? பிறகு உங்களையும் ஆலோசகராகச் சேர்க்கச் சொல்லலாம் என்று இருந்தேன். சரியான நேரம் பார்த்து அண்ணனே உங்களிடம் சொல்வதாகத்தான் பேச்சு.

எனக்கு இங்கே யாருமில்லை, அண்ணி. எத்தனையோ வருஷமாக யாரோ செய்த வேலைக்குப் பின்னால் நிற்கிறேன். முதல் தடவையாக என்னை முன்னால் கூப்பிட்டார்கள். நான் கட்டியது எனக்குச் சொந்தமில்லையா?

போனை எடுங்கள். பேசினால் சரியாகிவிடும்.

வாலு

*

செப்டம்பர் 18

மதிப்பிற்குரியவருக்கு,

வணக்கம். நீங்கள் கட்டியது உங்களுக்குச் சொந்தம். அதை நான் கேட்கவில்லை. அந்த இணைய முகவரியும் உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கட்டணக் கடையில் இடம் எடுத்துவிட்டேன். அதில் ஒரு ஜோடிக்கு இரண்டு அளவு போட முடியாது என்பது உண்மை. அதனால் ஜோடியை விட்டுவிட்டேன். இடது செருப்பு ஒரு பொருள், வலது செருப்பு ஒரு பொருள். வேண்டிய அளவில் இரண்டையும் கூடையில் போட்டுக்கொள்ளலாம். கேள்விகளை நானே போனில் கேட்டுக்கொள்கிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. யாரையும் எதிர்பார்க்காமல் ஒரே பகலில் போட்டு முடித்தேன்.

வாடகை இடம்தான். அவர்கள் விதியை மாற்றலாம், கட்டணத்தை ஏற்றலாம். ஆனால் அங்கே இருப்பவர்கள் யாரும் நான் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் இல்லை. ஏமாற்றினால் புகார் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து, உங்கள் அளவும் படமும் என் வழியாக வெளியே போய்விட்டன என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். சிலர் பரவாயில்லை என்றார்கள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. 'யார் செஞ்சது' என்று எல்லோரும் கேட்டார்கள். 'கடையைப் பார்த்துக்கிட்டவங்க' என்று மட்டும் சொன்னேன். நாத்தனார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. டீச்சர் போனை எடுக்கவில்லை.

உங்கள் அண்ணனோடு நான் எப்படி இருக்கப்போகிறேன் என்பது என் பாடு, அவர் பாடு. அவர் பின்னறைக்கு வருவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அவர்களுடைய அளவுகளையும் படங்களையும் அழித்துவிடுங்கள். முடிந்ததும் கடையின் மெயிலுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். என் சொந்த மெயிலுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

*

நவம்பர் 2

அண்ணி,

கடையின் மெயிலுக்குத்தான் அனுப்புகிறேன்.

போன கடிதத்தில் 'நீங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். முதலில் வேறு யாருக்கோ எழுதியது தவறி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

நீங்கள் கேட்டதைச் செய்யப் போனேன். மேலதிகாரியிடம் சொன்னேன். அது இப்போது கம்பெனியின் சொத்து, எதையும் அழிக்க முடியாது என்றார். நான் எழுதியதுதானே என்றேன். ஆபீஸ் நேரத்தில் எழுதியது என்றார். மறுநாள் அதைத் திறந்து பார்க்கலாம் என்று போனால், என் பாஸ்வேர்டை அது ஏற்கவில்லை. என்னை வேறு டீமுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அதை வேறொருவன் பார்த்துக்கொள்கிறான். அந்தக் கேள்விகளை யார் எழுதியது என்று என்னிடம் கேட்டான். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். என் அண்ணி என்று சொன்னேன். சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியவில்லை.

அதனால் நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை என்னால் அனுப்ப முடியவில்லை.

அண்ணனிடம் பேசினேன். நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். வேறு என்ன கேட்டாலும், 'அவளையே கேளு' என்கிறார்.

நீங்கள் திட்டி எழுதினாலும் படிப்பேன். இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள். தினமும் பார்க்கிறேன்.

வாலு