சந்தனம் பூசிய மோடம்

புரட்டாசி, சனி

காலையிலேயே வெயில். சங்ககிரியிலிருந்து சேலம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. வேலை ஒன்றுதான்: வீட்டுப் போன் லைனில் இன்டர்நெட் பிடிக்க, லினக்ஸுக்கு ஒத்துவரும் மோடம். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போனபோது வீட்டுக்காரர் விட்டுப்போன லேப்டாப். அதில் ஓடுவது லினக்ஸ்; உள்ளே இருக்கிற மோடமோ விண்டோஸுக்குத்தான் அசையுமாம். பிரவுசிங் சென்டரில் அவர் மெயிலைத் திறந்தால், பின்னால் நிற்பவன் எனக்கு முன்னால் படித்து முடிக்கிறான். ஒரு தடவையாவது தனியாகப் படிக்கவேண்டும். அழுகை வந்தால் அழவேண்டும்.

ஏறிய கடையெல்லாம் விண்டோஸ் சிடி போட்டால்தான் ஓடுகிற மோடம். கடைசியில் பழைய சாமான் கடை. மேஜைமேல் வைக்கிற பெரிய மோடம், தனி அடாப்டர். "இதுக்கு சிடி இல்லைங்களே," என்று தயங்கினார் கடைக்காரர். சிடி கேட்காத மோடம்தானே வேண்டும்! கும்பிடத் தோன்றியது.

திங்கள்

மேகமூட்டம். மாவு புளித்துவிட்டது.

மோடம் கீ கீ என்று கத்தி, லைன் சேர்ந்தும்விட்டது. மெயில் வரிசையில் முதலில் அவர் பெயர். திறக்கப்போனேன். கட். முன்னறையில் மாமனார் ரிசீவரை எடுத்திருக்கிறார். லாரி புக்கிங் நடக்கிற வீடு, ஒரே லைன்.

"ஏன் சாமி, போனுக்குள்ள ஆரோ கத்தறாங்க. லோடு பார்ட்டி கூப்புட்டா என்ன பண்றது?"

எரிச்சல்.

செவ்வாய், ஆயுத பூஜை

ஸ்பேனர், ஜாக்கி, லாரிச் சாவி. பக்கத்தில் என் மோடம், சந்தனம் குங்குமத்தோடு. மாமாவின் வேலை.

"அதுவும் ஒழைக்குதில்ல சாமி. இன்னைக்குத் தொட்றாதே."

பூஜையில் வைத்தாயிற்று, நாளைக்குத்தான் எடுக்கலாம். பொரி தின்றுகொண்டு அதையே பார்த்தேன்.

புதன்

டயல் டோன் இல்லை என்றது. லினக்ஸைத் திட்டித் தீர்த்தபின் பார்த்தால், போன் ஒயர் சொருகும் ஓட்டைக்குள் காய்ந்த சந்தனம். மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"பொட்டு வெக்க வேற எடம் தெரியல சாமி."

ஊக்கை வைத்து அவரே சுரண்டி எடுத்தார். பிறகு முன்னறையில் போனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "நான் எடுக்கமாட்டேன். நீ படி."

படித்தேன். அங்கத்திய வெயில், தண்ணீர் விழாத போர், என் சாம்பார், நான். முழுக்க நான். ஆசைதீர அழுதேன்.

வெளியே வந்ததும், "என்னையப் பத்தி எதாச்சும் கேட்டிருக்கானா சாமி?"

ஒரு வரிகூட இல்லை.

"முட்டிவலி எப்படியிருக்குன்னு கேட்டிருக்காருங்க மாமா."

போன் அடித்தது. லோடு பார்ட்டி; மாமா எடுத்தார். "லைன் பிசிங்களா? பையன் மெயில் போட்டிருக்கானுங்க. என்ற முட்டிவலிய வெசாரிச்சிருக்கான்." லோடு விஷயம் அப்புறம்தான்.

மறுபடி லைன் கேட்டேன். உடனே போனை வைத்துவிட்டார். பதில் எழுதினேன்: அடுத்த மெயிலில் முதலில் அப்பாவின் முட்டிவலியைக் கேளுங்கள். என் சாம்பார் பிறகு.