நாலு கதியால்

2 நவம்பர் 2024, சனி

பல்லாரட்டுக்கு வந்து பத்து நாள். கரவன் பார்க் என்கிறார்கள். எனக்கு இது முகாம். கூடாரம், பொதுக் கக்கூஸ், பொதுக் குசினி, குளிக்க வரிசை — ஒரு குறையும் இல்லை. ஆமி ஊரைப் பிடிக்க ஓடிவந்து, மல்லாகத்து முகாமிலே மூன்று வருசம் 'எப்ப வீட்டுக்குப் போவம்' என்று அழுத ஆட்கள் நாங்கள். இங்கே சனம் நல்ல வீட்டைப் பூட்டிப்போட்டு, சிரிச்சுக்கொண்டு வந்து கூடாரத்திலே படுக்குது.

மகன் சுதர்சனுக்கு மல்கிரேவிலே இருந்த வேலை போய்விட்டது. ஈஸ்டர் வரைக்கும் இந்தப் பார்க்கைப் பார்க்கிற வேலை. மருமகள் யோகா கபின்களைத் துப்புரவாக்குகிறாள். நான் பொதுக் குசினியை எடுத்துக்கொண்டேன். "அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ" என்றான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, வேலை இன்னும் நிற்கவில்லை.

இந்தக் கொப்பி யாரோ கபினிலே விட்டுப்போனது. இரண்டு பக்கம் எழுதியிருந்தது. கிழித்துவிட்டேன்.

5 நவம்பர், செவ்வாய்

ஒரு குதிரை ஓட்டத்துக்காக மாநிலம் முழுக்க லீவு. பார்க் நிறைந்துபோச்சு.

பதினாலாம் நம்பர் இடத்துக்காரன் கூடார முளையை ஒரு சாண் தள்ளிப் பதினைஞ்சுக்குள்ளே அடித்திருக்கிறான். காலையிலே அங்கே இல்லை, மத்தியானம் இருக்கு. எனக்கா தெரியாது? முதலிலே ஒரு விரக்கடை, பிறகு ஒரு சாண், அதுக்குப் பிறகு 'எப்பவும் இங்கே தான் இருந்தது' என்று சத்தியம். போய் நின்று காலாலே காட்டினேன். "சொறி, டார்லிங்" என்று சிரித்துக்கொண்டு பிடுங்கித் தன் பக்கம் அடித்தான்.

இவ்வளவு தானா? ஒரு சொறியோடே முடிகிற விசயமா இது? எனக்கு நாற்பத்தொரு வருசம் ஆச்சு. ஒருத்தி இன்னும் சொல்லேல்லை.

7 நவம்பர், வியாழன்

முதலாளி கொலின் எனக்கு ஒரு மஞ்சள் மேற்சட்டை தந்தார், முதுகிலே வெள்ளிப் பட்டி. இனி எல்லை பார்க்கிறது நான். சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு இரண்டு சுற்று வந்தேன்.

3 டிசம்பர், செவ்வாய்

இன்றைக்கு இந்த ஊரின் சண்டை நாள். நூற்றி எழுபது வருசத்துக்கு முந்தி, தங்கம் தோண்டினவர்கள் மரத்தடிகளாலே வேலி அடைத்து, உள்ளுக்கு நின்று ஆமியோடே சண்டை பிடித்தார்களாம். யூரேக்கா என்று பேர். விடியப்புறம் தொடங்கி, ஏறக்குறையக் கால் மணித்தியாலத்திலே முடிந்ததாம். இருபத்துச் சொச்சம் பேர் செத்தவர்கள். செத்தவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் கால் மணித்தியாலம்! எங்களுக்கு அந்த நேரம் பங்கருக்குள்ளே இறங்கவே காணாது. அதுக்கு மியூசியம், கொடி, வரிசையிலே பள்ளிக்கூடப் பிள்ளைகள். பார்க்கிலே ஒருத்தன் அந்தக் காலத்து ஆமி மாதிரிச் சிவப்புக் கோட்டுப் போட்டு மீசை ஒட்டிக்கொண்டு குளிர்பெட்டியிலே பியர் தேடுகிறான்.

அந்த வேலி எங்கே நின்றது என்று யோகாவைக் கொண்டு கேட்டேன். சரியான இடம் ஒருத்தருக்கும் தெரியாதாம். படித்தவர்கள் இப்பவும் வாதாடுகிறார்களாம். என்னைப்போல ஒருத்தி அப்ப இருந்திருந்தால் கதியால் கதியாலாக, ஒவ்வொரு வேலித்தடியாகச் சொல்லியிருப்பாள்.

8 டிசம்பர், ஞாயிறு

மல்கிரேவுக்குப் பக்கத்து ரோவிலிலே இருந்து அனுஷன் போன் எடுத்தான். அந்த இராஜேஸ்வரியின் மகன்.

ஊரிலே எங்கட காணியளை ஆமி விட்டிட்டுதாம். வீடு இல்லை, கிணறு இல்லை, வேலி இல்லை. புல்டோசர் போட்ட வெளி. அடுத்தடுத்த காணிக்காரர் இரண்டு பேரும் எல்லை இது என்று கையெழுத்து வைத்தால் தான் நில அளவைக்காரர் கல்லுப் போடுவாராம். கல்லுப் போடாமல் வீடு கட்ட ஏலாது. இராஜேஸ்வரிக்குக் கடைசிக் காலத்திலே அங்கே ஒரு அறையும் குசினியும் கட்டி இருக்க வேணுமாம். வேலி அவள் சொல்லுற இடம் தான் என்று நான் கையெழுத்து வைக்க வேணுமாம்.

நானோ?

எழுதி வைக்கிறன். 1983, மாசி. சுதர்சனைப் பெற நான் என்ரை அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம். நாலு கதியாலைப் பிடுங்கி ஒன்றரை அடி எங்கட பக்கம் நட்டவள். வேலிக்கு நடுகிற பச்சைத் தடி தானே, ஒரு மழைக்குத் துளிர்த்து, பிறந்ததே அங்கே தான் எண்ட மாதிரி நிக்கும். அவள் வேறை ஆருமில்லை, என்ரை மனுசன்ரை கூடப்பிறந்த தங்கச்சி. மனுசன் சச்சிதானந்தன் போய்க் கேட்கவும் இல்லை. 'விடு' எண்டார். ஒருத்தற்றை சருகும் எடுக்காத மனுசன்.

நான் விடேல்லை. வேலியிலே ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிஞ்சு போற ஓட்டை. கறியும் கதையும் அதுக்குள்ளாலே தான் போய் வரும். காவோலை வைச்சு இறுக்கி அடைச்சனான். அண்டைக்கு நிண்டது கதை. மனுசன்ரை செத்தவீட்டிலே ஒரு மூலையிலே நிண்டு அழுதாள். நான் காணாத மாதிரி இருந்தனான்.

9 டிசம்பர்

மாட்டன் எண்டா மாட்டன்.

28 டிசம்பர், சனி

பதினைஞ்சாம் நம்பருக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கினது இராஜேஸ்வரி. இன்ரநெற்றிலே அனுஷன் பேரிலே பதிந்திருக்கிறார்கள். சுதர்சனுக்குத் தெரியுமாம். யோகாவுக்கும் தெரியுமாம். பார்க்கிலே நிற்கிற நாய்க்கும் தெரிந்திருக்கும்.

அனுஷன் கூடாரம் அடித்து முடிய, மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நாலு முளையையும் பார்த்தேன். ஒரு விரக்கடை கூடத் தள்ளியில்லை. திரும்பவும் பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது.

29 டிசம்பர்

குசினிக்குத் தேத்தண்ணி போட வந்தாள். சீனி எங்கே என்று சுவரைக் கேட்டாள். நானும் சுவருக்குச் சொன்னேன்.

30 டிசம்பர், திங்கள்

திரும்பவும் வந்தாள். நான் சட்டி தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் மச்சாள். நாலு கதியாலையும் பிடுங்கி நட்டது நான் தான்" என்றாள்.

நாற்பத்தொரு வருசமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். சட்டியை வைத்துவிட்டுக் கதிரையிலே இருந்தேன். அவள் அதோடே நிறுத்தியிருக்கலாம்.

"அண்ணன் எடுத்ததைத் தான் திருப்பி எடுத்தனான். ஒன்றரை அடி. அதுக்கு மேலே ஒரு விரக்கடையும் தொடேல்லை."

தெரிந்திருந்தால் ஏன் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அண்ணன் களவெடுத்தவர் எண்டு நான் ஊருக்குச் சொல்லுறதோ? என்னைச் சொன்னால் சொல்லட்டும் எண்டு விட்டனான்."

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சீனி போட மறந்துபோனாள்.

31 டிசம்பர், செவ்வாய்

எழுதுவமா, விடுவமா?

1981. மாவிட்டபுரம் தேர். அவளின் வீட்டார் எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டினம். பத்து மணி வெயில். என்ரை மனுசன் அவளின் பக்கம் தள்ளிக் கிடங்கு வெட்டினார். ஒவ்வொரு கதியாலாய்ப் பிடிச்சுக் குடுத்தது நான். முள்முருக்கம் தடி. கடைசித் தடி குத்தின தழும்பு இடது பெருவிரலிலே இப்பவும் இருக்கு.

எனக்கு எல்லாம் ஞாபகம் எண்டு சொல்லித் திரியிறன். இதுவும் ஞாபகம் தான். ஒரு நாளும் மறக்கேல்லை. ஒருத்தரும் கேட்கேல்லை, அவ்வளவு தான்.

கோபம் என்னெண்டால், ஒன்றரை அடியையும் எடுத்தாள், இப்ப பெருந்தன்மையையும் அவளே எடுத்துக்கொண்டாள். எனக்கு மிச்சம் என்ன? இந்த மஞ்சள் சட்டையோ?

1 ஜனவரி 2025, புதன்

குசினி மேசையிலே அனுஷன் கடதாசியை விரித்தான். காணிப் படம், நடுவிலே பென்சிலாலே ஒரு கோடு. பார்த்தேன்.

"இது பிழை" என்றேன்.

சுதர்சன் தலையிலே கை வைத்தான். "அம்மா, பிளீஸ்." இராஜேஸ்வரி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

கோட்டை இன்னும் அரை அடி எங்கட பக்கம் தள்ளிக் கீறச் சொன்னேன். அனுஷனுக்கு விளங்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னேன்:

"உம்முடைய கலியாணத்துக்குப் பந்தல் போட வேலியைப் பிரிச்சது ஞாபகமோ? திருப்பி அடைக்கேக்கை உம்முடைய பக்கம் அரை அடி தள்ளித் தான் அடைச்சது. அது உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

இராஜேஸ்வரி மடித்த கண்ணாடியைத் திரும்பவும் போட்டுக் காணிப் படத்தைப் பார்த்தாள். தெரியாது தான். 1974இலிருந்து தெரியாது. நேற்று இதையும் சேர்த்து எழுதியிருக்கலாம், கை வரவில்லை.

அனுஷன் அழித்துக் கீறினான். பேரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவளை ஒரு அரை அடியாலே வென்றது இன்றைக்குத் தான். சந்தோசமாக இருந்திருக்க வேணும். மனுசன்ரை படத்துக்குப் பூ வைக்கப் போய், வைக்காமல் வந்தேன். பின்னேரம் வைத்தேன்.

14 ஜனவரி

பொங்கல். இங்கே இப்ப கோடை, வெளியிலே நெருப்பு மூட்டக்கூடாதாம். கரண்ட் அடுப்பிலே பொங்கினேன். பொங்கி வழிந்ததை நானே துடைத்தேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். பார்க் நிறைந்துவிட்டது. கொலின் சுதர்சனை நிரந்தரமாக இருக்கச் சொல்லிவிட்டார். மஞ்சள் சட்டையை நான் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லையாம்.

இராஜேஸ்வரி பங்குனியிலே ஊருக்குப் போனவள். இன்றைக்குப் படம் அனுப்பியிருக்கிறாள். அத்திவாரம் வெட்டியாச்சு. புது வேலி, வரிசையாய்க் கதியால், நுனியிலே பச்சை. நான் சொன்ன கோட்டிலே தான். படத்திலே தெரிகிற எல்லைக் கல்லோடே ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது படத்திலே வேலி நடுவிலே ஒரு பொட்டு. எங்கட பக்கம் ஒரு குஞ்சு குருமானும் இல்லை, வெறும் புல். யாருக்கென்று வைத்திருக்கிறாள்? நான் எந்தக் காலத்திலே அங்கே போகப் போகிறேன்?

யோகாவைப் படத்தைப் பெரிசாக்கச் சொன்னேன். பொட்டின் உயரம் காணாது. என் முழங்காலை வைத்துக்கொண்டு இதுக்குள்ளே குனிந்து போக முடியாது. ஒரு சாண் கூட்டி வெட்டு, மச்சாள், என்று இப்பவே அனுப்பச் சொன்னேன்.